எந்த டாம், தம்பி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்தில் நாலு மாடு வைத்துப் பால் கறக்கும் பெரியவர் ஒருவர் காலை ஆறு மணிக்குப் போன் போட்டார். “தம்பி, சீக்கு எந்த டாம்ல இருக்குன்னு அதுல போடலியே. ஹேசல்மியரா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபிறகு தெரிந்தது: கோமாரி நோய் பற்றி யாரோ விநியோகித்த தமிழ்த் துண்டறிக்கையை அவர் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். அதில் ஒரு வரி, “ஆப்பிரிக்க எருமைகள் இந்நோயின் இயற்கை நீர்த்தேக்கமாகும்.” ஹேசல்மியர் அணை அவர் ஊர்ப்பக்கம்தான். சீக்கு அணைத் தண்ணீரில் கலந்துவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு நாளாக மாடுகளை ஓடைப்பக்கம் விடாமல், குழாய்த் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார். வயது எழுபத்தாறு.

இந்த நீர்த்தேக்கம் எனக்குப் புதிதல்ல. வௌவால் நீர்த்தேக்கம், எலி நீர்த்தேக்கம் எல்லாம் கொரோனா காலத்திலேயே பார்த்தாயிற்று. ஆனால் அதை நம்பி ஒரு மனிதர் வாளி தூக்கியது இதுதான் முதல் தடவை.

மூலச்சொல் ரிசர்வாயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது ‘பிற்பாட்டுக்கென்று எடுத்து வை’ என்ற பொருளுள்ள லத்தீன் வினை. ரயிலில் இடம் ரிசர்வ் செய்கிறோமே, அதே வேர்தான். தண்ணீர் அந்தச் சொல்லுக்குள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நோயியலில் அதன் பொருள் இது: ஒரு கிருமி எங்கே நிலையாகத் தங்கித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்து, அங்கிருந்து நாம் கவலைப்படுகிற வேறோர் இனத்துக்குத் தாவுகிறதோ, அந்த இடம். அது ஒரு விலங்கினமாக இருக்கலாம், சில இனங்கள் சேர்ந்ததாக இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம்.

கோமாரியையே பார்ப்போம். அதன் வைரஸில் ஏழு வகை. அவற்றில் சாட் 1, சாட் 2, சாட் 3 என்ற மூன்றுக்கும் பெயரே இந்த மண்ணை வைத்து இட்டதுதான்; சாட் என்பது ‘சதர்ன் ஆப்பிரிக்கன் டெரிட்டரீஸ்’ என்பதன் சுருக்கம். நாட்டின் வடகிழக்கில் உள்ள க்ரூகர் தேசியப் பூங்காவின் எருமைகளுக்குத் தொண்டையில் அவை குடியிருக்கின்றன. ஓர் எருமை ஐந்து ஆண்டுவரை வைத்திருக்கும். தனியாகப் பிரித்து வைத்த சிறிய மந்தை ஒன்றில் 24 ஆண்டு நீடித்தது பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் வாயில் புண் இருக்காது, நடையில் நொண்டல் இருக்காது. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் குறைந்ததும் கன்றுக்குக் கன்று தொற்றிக்கொள்ளும். வேலிக்கு வெளியே மாட்டுக்குப் போவதும் பெரும்பாலும் அந்தக் கன்றுகளிடமிருந்துதான்.

நீர்த்தேக்கத்தைத் தள்ளிவிடுவது எளிது. அகராதியில் முதல் பொருளோடு கண்ணை மூடிக்கொண்ட வேலை அது. மொழிபெயர்ப்பு என்று பெயர் வைப்பதே அதிகம். என் சண்டை, அதைத் திருத்துகிறோம் என்று படித்தவர்கள் நீட்டுகிற ‘நோய்த்தேக்கம்’ என்பதோடுதான். நீரை எடுத்துவிட்டு நோயை வைத்துவிட்டால் சரியாகிவிட்டதாம்.

தமிழில் தேங்குவது எது? ஓட வேண்டியது ஓடாமல் நிற்பதுதான் தேங்குவது. சாக்கடை தேங்கும், வழக்கு தேங்கும், விற்காத சரக்கு தேங்கும். எருமைக் கூட்டத்தில் வைரஸ் நிற்கவே இல்லை. ஆண்டுதோறும் புதுக்கன்றுகளுக்குப் போகிறது, போகிற போக்கில் மாறுகிறது. இன்று இருக்கிற வைரஸ் இருபது ஆண்டுக்கு முன்பு இருந்த அதே வைரஸ் இல்லை. இவ்வளவு ஓட்டம் உள்ளதைத் தேக்கம் என்று சொல்லப் பெரிய துணிச்சல் வேண்டும்.

இன்னொன்று, தேக்கத்துக்கு அளவு உண்டு. மதகைத் திறந்தால் அணை குறையும். எருமை நூறு மாட்டுக்குக் கோமாரியைக் கொடுத்தாலும் எருமையிடம் ஒரு துளி குறையாது. எங்கள் ஆயா அடுத்த வீட்டிலிருந்து கங்கு வாங்கிவந்து அடுப்பு மூட்டிய கதை சொல்வார்; கொடுத்த வீட்டு அடுப்பு அவிந்ததா என்ன? (அந்த நினைப்பில் ‘நோய்க்கங்கு’ என்று வைத்தால் என்ன என்று எனக்கே ஓர் ஆசை வந்தது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பொருத்தம் அழகுதான். ஆனால் துண்டறிக்கையில் போட்டால் மாட்டுக்குச் சூடு போடச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். விட்டுவிட்டேன்.)

தேக்கம் என்று நினைக்கிறவனுக்கு அடுத்துத் தோன்றுவது வடித்துவிடுவதுதான். இங்கே அது நடந்தும் இருக்கிறது. 1894-இல் டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் இன்று குவாசூலு-நடால் மாகாணத்தில் இருக்கும் சூலூலாந்தின் உபோம்போவுக்கு வந்து, நாகனா என்னும் மாட்டு நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கண்டார். செட்சி ஈ அதைக் கடத்துகிறது, காட்டு விலங்குகள் நோய் காட்டாமல் அதை இரத்தத்தில் வைத்திருக்கின்றன என்றும் காட்டினார். கண்டது சரி. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் துப்பாக்கி. 1929-30இலும், மறுபடி 1940களிலும் அங்குள்ள உம்ஃபொலோசி காப்புக்காட்டைச் சுற்றிப் பல்லாயிரம் காட்டு விலங்குகளைச் சுட்டுத்தள்ளினார்கள். நாகனா அடங்கியது 1945-க்குப் பிறகு டிடிடி பூச்சிமருந்து தூவி ஈயை ஒழித்தபோதுதான். ரிசர்வாயர் என்ற சொல்தான் சுட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கிற வில்லங்கத்தை நாமும் ஏன் தமிழுக்குள் இழுத்துவர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

‘நோய்க்காவி’ என்று ஒரு கட்சி உண்டு. காவு என்றால் சும. காவடியும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். டர்பனில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு உரியது. நோய் காட்டாமல் கிருமியைச் சுமக்கிற ஒற்றை விலங்கு காவி. நாம் தேடுவது ஒரு கூட்டத்துக்கான பெயர். அந்தக் கூட்டத்தில் எந்த விலங்கு செத்தாலும் கிருமி சாகாது. ‘நோய்பரப்பி’ இன்னும் மோசம், அதில் குற்றப்பத்திரிகை வாடை அடிக்கிறது. குவாசூலு-நடாலில் 2021 முதல் திரும்பத் திரும்ப வரும் கோமாரியை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பெரும்பங்கு சந்தைக்கும் பண்ணைக்கும் ஓட்டிப்போன மாடுகளுக்குத்தான். நம் துண்டறிக்கையோ பழியை எருமை தலையில் கட்டிவிட்டது.

என் சொல் சாதாரணமானது: நோய் உறைவிடம். உறை என்றால் தங்கி வாழ். புதிதாக ஒன்றும் படைக்கவில்லை, இருக்கிற சொல்லை இழுத்து உட்கார வைத்தேன். இதை விரும்ப முதல் காரணம், சொல் வரும்போதே தன் வினைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. க்ரூகர் எருமைகளிடம் மாட்டுக் காசநோய் இருப்பது 1990-இல் தெரியவந்தது. அது தெற்கு எல்லையோரப் பண்ணை மாடுகளிடமிருந்து வந்தது. இதைச் சொல்லிப் பாருங்கள்: காசநோய் மாட்டிலிருந்து எருமையிடம் குடிபெயர்ந்தது, இன்று எருமையே உறைவிடம், அந்த எருமையை அடித்துத் தின்ற சிங்கம் எலும்பும் தோலுமாகிறது. ஒரு மூச்சில் முடிகிறது. தேக்கத்தை வைத்துச் சொன்னால் மாடு மதகா, சிங்கம் வாய்க்காலா என்று தெரியாமல் விழிக்க வேண்டும்.

மண்ணுக்கும் பொருந்துகிறது. அடைப்பான் நோயின் வித்துகள் க்ரூகரின் வடக்கே பஃபூரி மண்ணில் பல்லாண்டு கிடக்கின்றன. மண்ணை உறைவிடம் என்னலாம், ஓம்புயிரி (கிருமிக்கு இடம் கொடுக்கும் உயிர்) என்ன முடியாது. கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடத்தியோடும் குழம்பாது. ஹ்லுஹ்லுவே, உம்ஃபொலோசி காப்புக்காடுகளுக்கு இடையிலிருந்த நிலத்துண்டால் பெயர்பெற்றது காரிடார் நோய். அதில் எருமை உறைவிடம், உண்ணி கடத்தி, சாவது மாடு.

பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஓண்டர்ஸ்டபோர்ட்டில் ஆர்னால்ட் தைலர் 1908-இல் ஆய்வுக்கூடம் தொடங்கிய நாடு இது. வீட்டு மாட்டையும் காட்டு விலங்கையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் இங்கே ஒரு நோயும் விளங்காது. (‘கால்நடை மருத்துவம்’ என்ற பெயருக்குள் சிங்கத்தை எப்படி ஓட்டிக் கட்டுவது என்பது இன்னொரு நாள் சண்டை.) அப்படிப்பட்ட விஷயத்தைத் தமிழாக்குகிறவர், மாடு கட்டுகிற ஒருவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், பாதிப் பிழை அங்கேயே உதிர்ந்துவிடும். கணினியில் ஒட்டி, வந்ததை அள்ளி, அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தமிழ்த்தொண்டு என்கிறார்கள். கோமாரி என்ற பழஞ்சொல் மட்டும் அந்தத் துண்டறிக்கையில் தப்பிப் பிழைத்தது. அதற்கும் ‘கால் மற்றும் வாய் நோய்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வால் ஒட்டியிருந்தார்கள்.

திருத்திய வரியை எழுதிப் பெரியவரிடம் கொண்டுபோனேன்: “ஆப்பிரிக்க எருமைக் கூட்டங்கள் இந்நோய்க்கு உறைவிடம்.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உறைவிடத்தில் தடுமாறவில்லை. என் பேனாவை வாங்கி ‘ஆப்பிரிக்க எருமை’யை மட்டும் அடித்தார்.

“எருமைன்னா எங்க தாத்தா ஊர்ல ஏர் பூட்டுறதுன்னு சொல்வாரு. இது அது இல்ல. பஃபலோன்னு போடு.”

இரண்டும் வேறு வேறு பேரினம். ஒன்று காலங்காலமாகத் தொழுவத்தில் நிற்பது, மற்றது யாருக்கும் பழகாதது. பஃபலோ என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.