கீபோர்டுக்குள் நாயனம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். சாயங்காலம் தெருவை மறித்து மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி நடக்கும். முதல் பாட்டு அம்மன் பாட்டு, அதற்கு நாயனம் வேண்டும். மேடையில் நாயனக்காரர் இருக்கமாட்டார். "தம்பி, ஓப்பனிங்ல நாயனத்த நல்லா இழுத்து வுடு" என்று பாடுகிறவர் சொல்ல, கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒரு பட்டனைத் தட்டுவார். அவ்வளவுதான், ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கிளம்பிவிடும்.

ஒரே மாடல் கீபோர்டு, ஒரே டோன். ஆனால் ஒருவர் வாசித்தால் நாயனமாகவும், இன்னொருவர் வாசித்தால் பொம்மை ஊதலாகவும் கேட்கிறது. இது ஏன் என்று புரிந்துகொண்டால், மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் என்ற கருவியே பெருமளவு புரிந்துவிடும்.

முதலில் அசல் நாதஸ்வரத்தைப் பார்ப்போம். வாயில் வைத்து ஊதும் பகுதியான சீவாளியில் ஊதும்போது அதன் இரண்டு நாக்குகளும் படபடவென்று மூடித் திறக்கின்றன. குழல் மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். இப்படிக் கூம்பு வடிவில் உள்ள குழலில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேல்சுரங்களும் வரிசையாக ஒலிக்கும். நாயனத்தின் அந்தக் கூர்மை இந்த மேல்சுரங்களின் கூட்டம்தான். புல்லாங்குழலில் இவை குறைவு, அதனால் அது மென்மையாகக் கேட்கிறது. ஒரே அகலக் குழலான கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் ஒற்றைப்படை மடங்குகளே மேலோங்கும்.

பழைய அனலாக் சிந்தசைசர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதில் உள்ள ஆஸிலேட்டர் என்ற மின்சுற்று, ரம்பப் பல் வடிவில் ஏறி இறங்கும் மின்னலையை உண்டாக்கும். அந்த அலையில் எல்லா மடங்குகளும் இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் இருக்கும். அடுத்தது ஃபில்டர். கல்யாண மண்டபத்தில் ஓடும் பாட்டு இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்போது பேஸ் மட்டும் வந்துசேருமே, அதுபோல இந்தச் சுற்று மேல் அதிர்வெண்களைக் குறைத்துக் கீழே உள்ளவற்றை விடும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் குமிழைத் திருகி மாற்றலாம். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் 1960களில் வடிவமைத்த ஃபில்டரில் டிரான்சிஸ்டர்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். வெட்டும் இடத்துக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும், அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், ஒலி அளவு 24 டெசிபெல் குறையும். அந்தக் கொழுத்த ஒலிக்காகவே 1970இல் வந்த மினிமோக் என்ற அவருடைய சிந்தசைசரை இன்றும் தேடி வாங்குகிறார்கள். மோக் கருவி நம் நாட்டுக்கு வரவும் தாமதமாகவில்லை. 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒன்று வைக்கப்பட்டது.

ஆனால் அந்தக் கருவியைப் புளியந்தோப்பு மேடையில் ஏற்றினால் பெரிய தொல்லை. அதில் ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைச் செய்யும் டிரான்சிஸ்டரின் நடத்தை வெப்பநிலையைப் பொறுத்தது. நம் ஊர்ச் சூட்டில், அதாவது சுமார் 300 கெல்வினில், ஒரு டிகிரி மாறினால் கணக்கு முந்நூறில் ஒரு பங்கு விலகும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் (கருப்பையும் சேர்த்து) உள்ள தூரம் ஓர் அரைச்சுரம். ஐந்து ஸ்தாயி மேலே, அதாவது 60 அரைச்சுரம் தள்ளி, அது ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மதியம் சவுண்ட் செக் செய்து சுருதி சேர்த்துவிட்டு, இரவு பத்து டிகிரி குறைந்தபின் வாசித்தால் இரண்டு அரைச்சுரம் போய்விடும். இதை ஈடுகட்ட வெப்பத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டரை உள்ளே வைப்பார்கள். அப்படியும் முழுதாகச் சரியாகாது. டிஜிட்டல் வந்த பிறகுதான் இந்தக் கவலை தீர்ந்தது.

டிஜிட்டலில் முதல் பெரிய அலை யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர், 1983. அதன் அடித்தளம் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவுனிங் 1967இல் கண்டுபிடித்தது. ஒரு சுரத்தை மெல்ல ஆட்டினால் அது அசைவாகக் கேட்கும். அந்த ஆட்டத்தையே நொடிக்கு நூறு தடவை, அதற்கு மேல் என்று வேகப்படுத்தினால் காது அதை ஆட்டமாகக் கேட்காது, புதிய ஒலிக்கூறுகளாகக் கேட்கும். 400 ஹெர்ட்ஸ் சுரத்தை நொடிக்கு 100 தடவை ஆட்டினால் 300, 500, 200, 600 என்று இருபக்கமும் கிளை விடும். எல்லாம் நூறின் மடங்குகள் என்பதால் இசைவாக இருக்கும். 140 தடவை ஆட்டினால் 260, 540, 120, 680 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள் வரும். அப்போது கேட்பது மணிச் சத்தம். அம்மன் பாட்டின் தொடக்கத்தில் கோயில் மணி ஒலிக்கிறதே, அதை வெறும் இரண்டு அலைகளை வைத்தே உண்டாக்கிவிடலாம்.

மணி வந்துவிட்டது, நாயனம்? ஒரு கருவியின் ஒலிப்பதிவில் சுரம் கிளம்பும் முதல் துணுக்கை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் போட்டுக் காட்டினால், அது எந்தக் கருவி என்று சொல்ல நாம் தடுமாறுவோம். சீவாளி கவ்வும் அந்தக் கணநேரத்து உரசலில்தான் நாயனத்தின் அடையாளம் இருக்கிறது. 1987இல் ரோலண்ட் கம்பெனியின் டி-50 சிந்தசைசரை வடிவமைத்தவர்கள் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். அன்று மெமரி விலை கூடுதல். ஒரு நொடி ஒலியை சிடி தரத்தில் வைக்க 44,100 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக 88,200 பைட் ஆகும். அதனால் சுரத்தின் தொடக்கத்துக்கு மட்டும் அசல் ஒலிப்பதிவை வைத்து, அதன் பின்னால் வரும் நீண்ட பகுதிக்குச் செயற்கை அலையை ஒட்டினார்கள். காது ஏமாந்தது. இன்று மெமரி மலிவு, முழுச் சுரமும் பதிவாகவே உள்ளே இருக்கிறது. மேடையில் கேட்கும் நாயன டோன் பெரும்பாலும் உண்மையான நாதஸ்வர வித்வான் ஒருவர் ஊதிய ஒலியின் பதிவுதான்.

அப்படி அசலையே உள்ளே வைத்த பிறகும் ஏன் பொம்மை ஊதலாகக் கேட்கிறது? கட்டையை அழுத்தினால் சுரம் நேராக நின்றுவிடுகிறது. நம் இசையில் சுரம் நிற்பதில்லை. ஹார்மோனியத்தின் மேல் இருந்த கோபமும் இதுதான். கமகம், அதாவது சுரத்தின் அசைவும் வளைவும், பிடிக்க முடியாத கருவி என்று சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971 வரை தடை நீடித்தது. வானொலி ஒதுக்கிய அந்த ஹார்மோனியத்தை வடசென்னையின் கானா ஒதுக்கவில்லை. அங்கே வளைவையெல்லாம் பாடுகிறவரின் தொண்டை பார்த்துக்கொண்டது.

சிந்தசைசரில் அந்த வளைவு வருவது இடது கையில். மினிமோகிலேயே கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள் வந்துவிட்டன. ஒன்று சுருதியை ஏற்றி இறக்கும். ரோலண்டில் இது பக்கவாட்டில் தள்ளும் கம்பியாக இருக்கும். வாசிப்பவர்கள் சுருக்கமாக 'பெண்டர்' என்பார்கள்.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜம் வைத்தால் அதன் காந்தாரம் மூன்றாவது அரைச்சுரம், ஒரு கருப்புக் கட்டை. அதை அப்படியே அழுத்தினால் அது தோடி இல்லை. அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்தபடி இருக்க வேண்டும். ரிஷபம் முதலாவது அரைச்சுரம், மத்திமம் ஐந்தாவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காந்தாரத்திலிருந்து இரண்டு கீழே, இரண்டு மேலே. பெரும்பாலான கீபோர்டுகளின் பெண்டர் கடையிலிருந்து வரும்போதே இரண்டு அரைச்சுரம் மேலே, இரண்டு கீழே என்றுதான் அமைந்திருக்கும். அந்த ஒற்றைக் கருப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பெண்டரை முழுவீச்சில் அசைத்தால் தோடியின் எல்லைகள் இரண்டும் கைக்குள் வந்துவிடும். இதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது. ஆனால் எல்லை கிடைத்தால் மட்டும் போதாது. எங்கே நிதானிப்பது, எங்கே சறுக்குவது, எப்போது நடுவுக்குத் திரும்புவது என்பதெல்லாம் மணிக்கட்டு பழகியே கற்க வேண்டியவை. நல்ல வாசிப்பாளர் கட்டையை அழுத்துவதற்கு முன்பே பெண்டரைச் சற்றுக் கீழே இழுத்து வைத்திருப்பார். அப்போது சுரம் கீழிருந்து எழும்பி வரும். நாயனக்காரர் துளையை மெல்லத் திறப்பதுபோலவே கேட்கும்.

இந்த அசைவைக் கருவிக்குள் கொண்டுபோவது மிடி. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983இல் வந்த பொது ஒழுங்கு அது. டேவ் ஸ்மித், இக்குத்தாரோ ககேஹாஷி இருவரும் முன்னின்று உருவாக்கினார்கள். ரிதம் பேட் வாசிப்பவர் எவ்வளவு வேகமாக அடித்தார் என்பதை அது 127 படிகளில் சொல்லும். பெண்டருக்கு மட்டும் தாராளம், 16,384 படிகள். ஆனால் மலிவான சில கருவிகளின் பெண்டர் 128 படிகளைத்தான் உணரும். நான்கு அரைச்சுர வீச்சில் ஒரு படி, அரைச்சுரத்தில் சுமார் நூற்றில் மூன்று பங்கு, காதுக்குத் தெரியாது. நீளமாக இழுக்க ஆசைப்பட்டு வீச்சை ஒரு ஸ்தாயி மேல், ஒரு ஸ்தாயி கீழ் என்று விரித்தால் ஒரு படி நூற்றில் பத்தொன்பது பங்காகும். அப்போது சறுக்கல் சறுக்கலாக இருக்காது, படிக்கட்டு இறங்குவது கேட்கும். நாயனத்துக்கு வீச்சைக் குறைவாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

பெண்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. மிடியின் ஒரு சேனலில், அதாவது ஒரு தனித் தடத்தில், ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது சேர்த்தே வளைக்கும். வலது கை சட்ஜத்தையும் பிடித்துக்கொண்டு நாயனம் வாசித்தால் சட்ஜமும் கூடவே ஆடும். அதனால்தான் சுருதியைத் தனிச் சேனலில் போட்டுவிட்டு நாயனத்தை ஒற்றைச் சுரமாக வாசிக்கிறார்கள். 2018இல் மிடி ஒழுங்கில் சேர்ந்த எம்பிஇ முறை ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் கொடுக்கிறது. ரோலி சீபோர்டு போன்ற கருவிகளில் ரப்பர் மாதிரி மெத்தென்ற கட்டைமேல் விரலை அசைத்தாலே அந்தச் சுரம் மட்டும் வளையும், வீணைத் தந்தியை இழுப்பதுபோல. விலைதான் தெருக்கச்சேரிக்கு இன்னும் எட்டவில்லை.

அதனால் இங்கே பலரும் பழைய கீபோர்டைத்தான் கைமாற்றாக வாங்குகிறார்கள். அப்படி வாங்கும்போது டோன் எத்தனை என்று எண்ணுவதற்கு முன் பெண்டரைப் பாருங்கள். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் கார்பன் பூசிய ஒரு தடம், அதன்மேல் உரசி நகரும் ஒரு முனை. தேய்ந்தாலோ, தூசியும் கடற்காற்றின் உப்பும் ஏறினாலோ கம்பி நடுவுக்கு வந்தாலும் சுருதி நடுவுக்கு வராது. ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனில் இருக்கும் டியூனரைப் பக்கத்தில் வைத்து, பெண்டரை மேலும் கீழும் முழுக்கத் தள்ளிச் சட்டென்று விடுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் முள் ஒரே இடத்துக்குத் திரும்பினால் வாங்கலாம். திரும்பாவிட்டால், பெண்டர் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.