மல்லி மாறவில்லை, மூக்கு மாறுகிறது

"இப்ப வர்ற மல்லியில முன்ன மாதிரி மணமே இல்ல" என்று மதுரையில் எழுபதைத் தாண்டிய பலர் சொல்வதுண்டு. மாட்டுத்தாவணிச் சந்தையில் காலையில் எடை போடும் மொட்டு, மாலையில் விரியும்போது லினலூல், பென்சைல் அசிட்டேட், இண்டோல் என்று பல வேதிப்பொருட்களைக் காற்றில் விடுகிறது. அதே சரத்தைத் தலையில் வைத்த பேத்திக்கு மணம் தூக்கலாகத் தெரிகிறது என்றால், குறை பூவில் இல்லை.

மூக்கின் உட்கூரையில், ஏறக்குறைய கண்களின் உயரத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. மணத்தை அறியும் நரம்பணுக்கள் அங்கேதான். அவை மெல்லிய இழைகளைச் சளிப்படலத்துக்குள் நீட்டியிருக்கும். மணத்துகள் சளியில் கரைந்து, இழையிலுள்ள ஏற்பியில் பொருந்தினால் மின்துடிப்பு எழும். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள்; ஒரு நரம்பணுவில் ஒரு வகைதான். இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991-இல் வெளியிட்டு, 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மல்லி மணம் என்பது பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் துடிப்பதால் உண்டாவது. வயதாகும்போது எல்லா மணமும் ஒரே அளவில் குறைவதில்லை. அதனால் மணம் மங்குவதோடு, வேறு மாதிரியும் தோன்றக்கூடும்.

மூளை நரம்பணுக்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து நம்மோடு போகிறவை. மூக்கிலுள்ளவை புகை, தூசி, கிருமி எல்லாவற்றுக்கும் நேரே முகம் காட்டி நிற்பதால் சீக்கிரம் அழியும். அடியிலுள்ள தண்டணுக்கள் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற இந்த வேலை மந்தமாகிறது. அழிந்த இடத்தில் மணம் அறியாத சாதாரண மூச்சுப்பாதைச் சவ்வு திட்டுத் திட்டாகப் படர்கிறது. போதாக்குறைக்கு, நரம்பிழைகள் மூளைக்கு ஏறும் சல்லடை எலும்பின் துளைகளும் குறுகுகின்றன.

மேலே, மூக்கின் செய்தியை மூளையில் முதலில் வாங்கும் முகர்குமிழும் சுருங்குகிறது. "வயசானா மூளை செல் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும்" என்பது பரவலான நம்பிக்கை, தவறானது. நோயில்லாத முதுமையில் பெரும்பாலான நரம்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றின் கிளைகளில் செய்தியை வாங்கும் சிறு முட்கள் குறைகின்றன, நரம்பிழையின் மேலுறை நைகிறது, லிப்போஃபஸ்கின் என்ற கழிவு உள்ளே சேர்கிறது. செய்தி தாமதமாக, தெளிவு குறைந்து போகிறது.

1984-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டாட்டி குழுவினர் செய்த ஆய்வில், 65 முதல் 80 வயதுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோருக்கும் மணத்திறன் பெரிதும் குறைந்திருந்தது. பலருக்கு அது தெரிவதே இல்லை. ரசம் சப்பென்று இருக்கிறது என்பார்கள். மல்லித்தழை, பெருங்காயத்தின் மணம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறினாலும், மூக்கு அதைச் சரியாக அறியாததுதான் காரணம். உப்பைக் கூட்டிப் போட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்வார்கள். உப்புக்குப் பதில் எலுமிச்சை, மிளகு, இஞ்சி கூட்டலாம். புளிப்பை நாக்கு அறியும், காரத்தை வேறொரு நரம்பு அறியும்.

அந்த வேறொரு நரம்பை மறந்தால் சோதனையும் தவறும். கற்பூரத்தையோ தலைவலித் தைலத்தையோ நீட்டி, "தெரியுதே" என்றால் நம்பாதீர்கள். அந்த எரிச்சலையும் குளிர்ச்சியையும், முகத்தின் தொடு உணர்வை அறியும் முக்கிளை நரம்பு உணர்ந்துவிடும். காப்பித்தூள் நல்லது. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மற்றதன் அருகே காட்டுங்கள், பிறகு மறுநாசி.

குறைந்த திறனைப் பழக்கித் தேற்றப் பார்க்கலாம். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட முறைக்கு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு போதும். மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பஞ்சு வைத்து, வகைக்கொரு எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். காலையிலும் இரவிலும், ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நொடி, மெதுவாகச் சின்னச் சின்ன மூச்சாக, அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவந்தபடி முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. எண்ணெயை மூக்கினுள் தடவினால் சவ்வு புண்ணாகும். எல்லோருக்கும் முழுப்பலன் கிடைப்பதில்லை.

திடீரென்று மணம் போனாலோ, தலையில் அடிபட்டபின் போனாலோ, ஒரு நாசியில் மட்டும் போனாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். பார்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே மணம் குறையலாம். மலச்சிக்கல், தூக்கத்தில் கை கால் உதறல், எழுத்து சிறுத்துப்போதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மணம் குறைந்த முதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை.

தனியே சமைக்கும் பெரியவர் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது கேஸ் சிலிண்டர். கசிவைக் காட்டிக்கொடுக்கக் கலக்கும் மெர்காப்டனின் நாற்றம் அவருக்கு எட்டாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துங்கள். ரெகுலேட்டரை இரவில் மூடிவையுங்கள். டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு.