பெயரை மறைத்த செய்தித்தாள்

தன்னாட்சி (தன் சிகிச்சையை நோயாளியே முடிவு செய்யும் உரிமை), நன்மை, தீங்கு செய்யாமை, நீதி என்று மருத்துவ நெறிமுறையின் நான்கு தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் அப்படியே திருப்பித் தருவார்கள். அதோடு சரி. அன்று காலை வந்த செய்தி ஒன்றைப் படித்துக்காட்டினால் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காருகிறது.

‘டாக்டரின் அலட்சியத்தால் நோயாளி பலி: உறவினர்கள் புகார்.’ நான் முழுவதும் படிப்பதற்குள், “அந்த டாக்டரின் மருத்துவப் பதிவை ரத்து செய்ய வேண்டும், சார்” என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் யார் சொன்னது என்று ஓரத்தில் குறிக்கச் சொன்னேன். உறவினர் சொன்னவை ஆறு. யாரென்றே தெரியாத ‘கூறப்படுகிறது’ நான்கு. மருத்துவமனைத் தரப்பில் ஒரே வரி. டாக்டர் ஓரிடத்திலும் பேசவில்லை. தவறு செய்ததால் மௌனமா? இருக்கலாம். ஆனால் தவறே செய்யாதவரும் தன்னைக் காத்துக்கொள்வதற்காக நோயாளியின் விவரங்களைப் பத்திரிகையில் கொட்ட முடியாதே. அங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். செய்தியில் இல்லை. அந்த எண்ணிக்கையை முடிவு செய்தவர் யார் என்று தேடினால், தனிமனிதரின் தவறு என்று தொடங்கிய பேச்சு கொள்கையில் வந்து நிற்கிறது.

பழைய செய்திகளுக்கும் இந்த வலு உண்டு. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் சில; சிறுநீரகம் பழுதான நோயாளிகளோ பலர். யாருக்கு இடம் தருவது என்பதை ஏழு பேர் கொண்ட குழு தீர்மானித்தது. அதில் ஒரே ஒரு மருத்துவர். மற்றவர்களில் வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி எல்லாம் உண்டு. வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, தேவாலய ஈடுபாடுகூட எடைபோடப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழ் இதை எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1972இல் வந்த சட்டம் பெரும்பாலான சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அரசு நிதியில் டயாலிசிஸ் கிடைக்க வழி செய்தது. ஒரு கட்டுரையால் மட்டும் வந்ததல்ல அது. இடையில் பத்து ஆண்டு வாதாட்டம் இருக்கிறது. மாணவர்களை ஏழு ஏழு பேராகப் பிரித்து அதே குழுவாக உட்காரவைப்பேன். ‘பிள்ளைகள் உள்ளவருக்கு முன்னுரிமை’ என்பதைத் தயக்கமின்றி ஏற்பவர்கள், ‘தேவாலயம் செல்பவருக்கு’ என்றதும் கொதித்தெழுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வகுப்பு நேரம் போதாது.

ஒருமுறை நானே இடறினேன். ஒரு செய்தியை அலசி முடித்து வெளியே வந்தபோது மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். “அந்த நோயாளி என் சித்தி, சார்.” நாளிதழில்தான் வந்துவிட்டதே என்று அவருடைய பெயரையும் வயதையும் நான் பலமுறை உரக்கப் படித்திருந்தேன். இப்போதெல்லாம் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் நகலெடுக்கிறேன். எதைப் பேசப்போகிறோம் என்பதையும் முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்புக்கு மட்டும் யாராவது வராவிட்டால் காரணம் கேட்பதில்லை.