குளத்தில் சாக்கடை கலந்தால் நகராட்சியை எப்படிக் கேட்பது?

பழைய ஊர்களில் அகழியும் கோயில் குளமும் சாக்கடையாகிக் கிடப்பதைப் பார்க்கிறோம். புகார் கொடுத்தால், ‘நிதி வரட்டும், பார்க்கலாம்’ என்பார்கள். சட்டப்படி இந்தப் பதில் செல்லாது.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் ஓடிய பகுதி மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தார்கள். வேலையை முடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கையில் காசில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஊர்ச் சுகாதாரம் நகராட்சியின் கடமை, காசில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது என்றது. அம்மக்கள் பயன்படுத்திய பொதுத்தொல்லைப் பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம்.

அதற்கு முன் ஆதாரம் வேண்டும். குழாய் வாய் குளத்தில் திறக்கும் இடத்தைப் படியோ மண்டபமோ சேர்ந்து தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். வெறும் நுரையைக் காட்டினால் எந்த ஊர்க் குளம் என்று கேட்பார்கள். அப்புறம் நகராட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு: ஊரில் தினமும் எவ்வளவு கழிவுநீர் சேர்கிறது, எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பியதா? 30 நாளில் பதில் வர வேண்டும். ‘சுத்திகரிப்பு நிலையம் இல்லை’ என்று அவர்களே எழுதித் தந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அடுத்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதிடலாம். காலக்கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் கிடைக்கும். கெட்ட நீர்நிலையைச் சீரமைக்கவோ இழப்பீடு பெறவோ கேட்டால் ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அறநிலையத் துறைக் குளம், தொல்லியல் துறை அகழி என்றால் அந்தத் துறையையும் விடாதீர்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டே காலம் போகும்.

உத்தரவு வந்தும் வேலை நடக்கவில்லையா? அதை நிறைவேற்றித் தரச் சொல்லி அதே தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.