கார்புரேட்டருக்குள் ஒரு பனிக்கட்டி

வேல்ஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் 1972-ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் வைத்திருக்கிறார். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வண்டி. மழை ஓய்ந்த காலையில் கிளம்பினால், பதினைந்து நிமிடத்தில் இன்ஜின் திணறுகிறதாம். சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. மெக்கானிக் மூன்று முறை பார்த்தும் குறை அகப்படவில்லை. ஊரிலிருக்கும் அம்மா, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து ஏற்றச் சொல்கிறார்.

அம்மாவின் கவலை புரிகிறது. பேரப்பிள்ளைகளோடு மகன் நடுரோட்டில் நிற்கிறான் என்றால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் ஈரமான காலை, பதினைந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இவ்வளவு ஒழுங்காக வந்துபோகும் கோளாறுக்கு இயற்பியலில்தான் பதில் இருக்கும்.

பழைய வண்டி விட்டுவிட்டு நின்றால் முதலில் சந்தேகப்படுவது, பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறிக்கு உதவும் காயிலையும் கண்டென்சரையும்தான். சூடேறினால் மக்கர் செய்யும், ஆறினால் சரியாகும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது கோடைக்கால வியாதி. இவர் வண்டியோ வெயில் நாளில் அருமையாக ஓடுகிறது, மூடியிலும் சத்தம் இல்லை. எனவே என் சந்தேகம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் உருவாகும் பனிக்கட்டி மேல்.

வெளியே 10 டிகிரி இருக்கும்போது இன்ஜினுக்குள் பனிக்கட்டியா? பெட்ரோலில் உதிரிபாகம் கழுவும் மெக்கானிக்கின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். ஆவியாகும் திரவம் அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்திலிருந்து பறித்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும். அதோடு கலப்பது சுமார் 15 கிலோ காற்று. அத்தனை வெப்பமும் அந்தக் காற்றிலிருந்தே போனால், காற்று 23 டிகிரி குளிர்ந்துவிடும். பத்திலிருந்து இருபத்து மூன்றைக் கழித்துப் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகட்டைப் பட்டர்ஃபிளை என்பார்கள். மெதுவாக ஓட்டும்போது அது பாதிக்கு மேல் மூடியே இருக்கும். விளிம்பில் இருக்கும் மெல்லிய இடுக்கில் காற்று பாய்ந்து விரிந்து, இன்னும் சில டிகிரி குளிர்கிறது. 10 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் கனமீட்டருக்கு 9 கிராமுக்கு மேல் நீராவி உண்டு. நிதானமாக ஓடும் 1600 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 800 லிட்டர் காற்று இழுக்கிறது என்று வைத்தால், பதினைந்து நிமிடத்தில் 100 கிராமுக்கு மேல் நீர் அந்த இடுக்கு வழியே போகிறது. அதில் சில கிராம் விளிம்பில் உறைந்தாலே காற்று வழி சுருங்கிவிடும். கலவையில் பெட்ரோல் மிஞ்சி இன்ஜின் மூச்சுத் திணறும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், மிச்சமிருந்த சந்தும் அடைபட்டு நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். இன்ஜின் நின்றதும் குளிர வைக்கும் பெட்ரோல் ஓட்டமும் நிற்கிறது. கீழே கொதித்துக்கொண்டிருக்கும் சிலிண்டர்களின் சூடு மேலேறுகிறது, பனி உருகுகிறது. மெக்கானிக் வந்து இன்ஜின் மூடியைத் திறக்கும்போது நாலு சொட்டுத் தண்ணீர்தான் இருக்கும். அதுவும் காலைப் பனி போலவே தெரியும். மூன்று முறை பார்த்தும் அவர் கண்ணில் படாததில் ஆச்சரியமே இல்லை.

கடுங்குளிரில் இந்தத் தொல்லை குறைவு. மைனஸ் 10 டிகிரிக் காற்றில் இரண்டு கிராம் சொச்சம் நீராவிதான் தங்கும். உறைய நீர் வேண்டுமே. சிறிய விமானங்களில் இது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்ப விமானிக்கு ஒரு தனிக் கைப்பிடி உண்டு. நாசாவின் முன்னோடியான நாகாவின் கிளீவ்லாந்து ஆய்வகம் 1940-களில் இதைப் பொறுமையாக அளந்தது. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

சரி, அப்படியானால் இந்த வேன்கள் எல்லாமே ஏன் நிற்பதில்லை? வடிவமைத்தவர்களுக்கு விஷயம் தெரியும். கார்புரேட்டருக்குக் கீழே, கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் இன்டேக் குழாயோடு ஒட்டி ஒரு மெல்லிய குழாய் ஓடும். சைலன்சர் பக்கத்திலிருந்து சூடான புகை அதன் வழியே போய் இன்டேக்கைச் சுட வைக்கும். ஐம்பது வருடக் கரி அதில் அடைத்திருந்தால் சூடு வராது. பழைய ஏர் ஃபில்டருக்கு இதமான சூட்டில் காற்றைக் கொண்டுவரும் குழாயும் உண்டு. அழகுக்காகத் திறந்த வட்ட ஃபில்டர் மாட்டியவர்கள் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். கிலோவுக்குக் கிலோ, எத்தனால் ஆவியாக இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் எடுக்கும். அதுவும் குளிரைக் கூட்டும்.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்த மெல்லிய குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், கையால் தொட வேண்டாம். இரு பக்கமும் சுரீரென்று ஆவியாக வேண்டும். ஒரு பக்கம் சும்மா வழிந்தால் அடைப்பு. இன்டேக் குழாயைக் கழற்றி, பழைய பிரேக் கேபிளை டிரில்லில் மாட்டிக் கரியைக் குடைந்து எடுக்கலாம். பழைய ஏர் ஃபில்டர் கிடைத்தால் குழாயோடு திரும்ப மாட்டிவிடுங்கள். அப்புறம் அடுத்த ஈரக் காலையில் வண்டி திணறத் தொடங்கும் நேரத்தில் ஓரங்கட்டி, உடனே பின்பக்க இன்ஜின் மூடியைத் திறந்து கார்புரேட்டருக்குக் கீழுள்ள குழாயைப் பாருங்கள். இப்போது அதன் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனி, வேலை சரியாக நடந்திருந்தால் அன்றைக்கு இருக்காது.