மசோதாவுக்குப் பயந்து ஓடாதீர்கள்

நடைமுறைக்கே வராத சட்டத்துக்குப் பயந்து என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். விடியற்காலையில் ஒரு பைக்கை உரசிவிட்டார். பைக்கில் வந்தவருக்குக் காலில் எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. நம் ஆள் லாரியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிப்போய், பதினொரு நாள் மாமியார் ஊரில் பதுங்கியிருந்தார். அதற்குள் ஒரு தரகர், "பத்து வருட செக்‌ஷன் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அவர் மனைவியிடம் 20,000 ரூபாய் கறந்துவிட்டார். அடகு வைத்த கம்மலின் பணம் அது. அதற்குப் பிறகுதான் வழக்கறிஞனான என்னிடம் வந்தார்கள். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஏன் ஓடினீர்கள் என்று கேட்டேன். "மேல்சபையில் சட்டம் நிறைவேறிவிட்டதே சார். விபத்து என்றாலே பத்து வருடம், ஏழு லட்சம் அபராதம் என்றார்கள்."

அவர் பயந்தது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுக்கு. அந்தப் பிரிவு மரணம் நேர்ந்தால் மட்டுமே பொருந்தும். இங்கே யாரும் சாகவில்லை. விபத்தை ஏற்படுத்திவிட்டுப் போலீஸுக்கோ நீதித்துறை நடுவருக்கோ தகவல் சொல்லாமல் தப்பிப்போகிறவரைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. ஓடினால் தண்டனை என்று சொல்லும் பிரிவுக்குப் பயந்து ஓடியிருக்கிறார்! ஏழு லட்சம் என்ற தொகை சட்டத்தில் எங்குமே இல்லை. இத்தனைக்கும் மேலாக, 2024 ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒரு உட்பிரிவை மட்டும் மத்திய அரசு விலக்கி வைத்தது. தரகர் காசு வாங்கியது, அமலுக்கே வராத பிரிவைப் போடாமல் இருப்பதற்கு.

மேல்சபையான மாநிலங்களவையில் அன்று என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 21, குளிர்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள். ஒரே நாளில் தொலைத்தொடர்பு மசோதாவும் நியாய சன்ஹிதா உட்பட மூன்று குற்றவியல் மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. இரவுச் செய்தியில் "புதிய சட்டங்கள் வந்துவிட்டன" என்றார்கள். அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பம்.

அன்று எதுவும் வந்துவிடவில்லை. குற்றவியல் மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது டிசம்பர் 25. ஒப்புதல் கிடைத்த பிறகுதான் மசோதா சட்டம் என்ற பெயரையே பெறுகிறது. அப்போதும் அது உங்களைத் தொடாது. நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள். மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாட்களைக் குறிக்கலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. என் கட்சிக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி இதுதான். 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாடெங்கும் லாரிகள் நின்றது நினைவிருக்கிறதா? பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றதே, அந்த வேலைநிறுத்தம். போக்குவரத்துச் சங்கத்தோடு கலந்து பேசாமல் 106(2)ஐ அமல்படுத்த மாட்டோம் என்று உள்துறைச் செயலர் அப்போது சொன்னார். பிப்ரவரி 23 தேதியிட்ட அறிவிக்கை அந்த உட்பிரிவை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு நாள் குறித்தது. வேலைநிறுத்தத்துக்குப் போன ஓட்டுநர்களுக்கே அதன் பலன் என்னவென்று தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அதே நாளில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் மொத்தமாக வரவில்லை. 2024 ஜூன் 26 அன்று சில பிரிவுகள், ஜூலை 5 அன்று இன்னும் சில என்று தவணையில் வந்தது. எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்று ஒரு சட்டம் சொல்லாவிட்டால் மட்டும், ஒப்புதல் பெற்ற நாளிலிருந்தே அது செல்லும்.

இந்தத் தவறு படிக்காதவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நானே செய்திருக்கிறேன். 2011 ஆகஸ்ட் 18. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்னைப் பதவி நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கறிஞராக இருந்தபோது நீதிமன்றம் நியமித்த ரிசீவராக (வழக்கிலுள்ள சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவராக) கையாண்ட பணத்தில் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. சட்டம் இயற்றும் அவை, விவாதம் நடந்த இரண்டு நாட்களும் நீதிமன்றமாகவே மாறியிருந்தது. உறுப்பினரல்லாதவர்கள் நின்று பேசுவதற்கென்று அவையில் ஒரு தடுப்பு உண்டு. சென் அங்கே நின்று தன் தரப்பைத் தானே வாதாடினார். ஆதரவு 189, எதிர்ப்பு இருபதுக்கும் கீழே. வழக்கறிஞர்கள் கூடும் எங்கள் பார் அறையில் அன்று மாலை "நீதிபதியைத் தூக்கிவிட்டார்கள்" என்று நானும்தான் சத்தமாகச் சொன்னேன். மூத்தவர் ஒருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மக்களவை என்ன, ஜனாதிபதி என்ன, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். இரு அவைகளும் தனித்தனியே தீர்மானத்தை நிறைவேற்றி, அதன்பின் குடியரசுத் தலைவர் ஆணையிட்டால்தான் நீதிபதியின் பதவி போகும். மக்களவை விவாதத்துக்கு எடுப்பதற்குள், செப்டம்பர் 1 அன்று, சென் ராஜினாமா செய்துவிட்டார். ஆகப் பதவி நீக்கம் நடக்கவேயில்லை.

தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியபோதும் இதே கதை. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை. கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் மக்களவை அதை நிறைவேற்றவில்லை. பத்திரிகைத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு வந்த ஒருவரிடம், இது இன்னும் சட்டமில்லை அம்மா என்று சொன்ன பிற்பகலை நான் மறக்கவில்லை.

இந்த மாதம் வந்த மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தந்தை: "பெண்ணின் கல்யாண வயது 21 ஆகிவிட்டதாமே, என் மகளுக்கு 19தானே, பையன் வீட்டார் பின்வாங்குகிறார்கள்." 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியான மசோதா அது. மேல்சபை வாசலைக்கூட மிதிக்கவில்லை. பெண்ணுக்கு 18தான். அடுத்தவர், 2024 மே மாதத்தில் நடந்த மரண விபத்துக்குப் புதிய சட்டத்தின் ஐந்து வருடம் வந்துவிடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்தவர். வராது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டம்தான் செல்லும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அரசமைப்பின் 20ஆவது பிரிவு உங்களுக்காகத்தான் இருக்கிறது, தூங்குங்கள்.

இனி யாராவது "சட்டம் வந்துவிட்டது" என்றால் எந்த அவையில், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். ஒப்புதல் ஆயிற்றா, அரசிதழில் நாள் குறித்தாயிற்றா, எந்தப் பிரிவுகளுக்கு என்று கேளுங்கள். மத்திய அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேடத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை என்னிடம் நீட்டாதீர்கள். ஒரு பிரிவை "எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஓட்டுநர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 106(2) அமலில் இல்லை என்பதால் ஓடலாம் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு இன்று நேற்று வந்ததல்ல. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். தவறினால் ஆறு மாதம்வரை சிறை. கூட்டம் அடிக்க வருகிறதா? அந்தப் பயம் நியாயமானது, சட்டமே அதை ஏற்கிறது. விலகிப் போங்கள், போகிற வழியில் 108ஐ அழையுங்கள், அடுத்த காவல் நிலையத்தில் நில்லுங்கள். பதினொரு நாள் பதுங்கிய நம் ஆள் மீது இருந்தது ஜாமீனில் விடக்கூடிய வழக்கு. அன்று காலையே போயிருந்தால் மாலையில் வீட்டுக்கு வந்திருப்பார். இப்போது "தலைமறைவு" என்ற சொல்லும் கோப்பில் ஏறிவிட்டது. அதைத் துடைப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.

லாரி உரிமையாளர்கள் 134ஆவது பிரிவைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வாசகம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். விளம்பரம் தேடுகிறான் என்று யாரும் வழக்கறிஞர்களைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலுக்கு எழுதிவிடாதீர்கள். தாளில் என் பெயர் இருக்காது.