டிஸ்பாரிட்டி என்றால் வேறுபாடா?

“வலி சிகிச்சையில் இன வேறுபாடு.” அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றிய ஆய்வுச் செய்தி தமிழுக்கு வரும்போதெல்லாம் இதே தொடர்தான். போன வாரம் இதைப் படித்துவிட்டு அண்ணன் மகள் கேட்டாள்: “அப்போ கறுப்பர்களுக்கு வலி கம்மியாத்தான் இருக்குமா சித்தப்பா?” அவள் மேல் தப்பில்லை. தலைப்பு அப்படித்தான் சொல்கிறது.

ஆங்கில மூலச்சொல் டிஸ்பாரிட்டி. லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். ‘டிஸ்’ அதை மறுக்கும் முன்னொட்டு. சமமாக இருந்திருக்க வேண்டியது அப்படி இல்லை என்ற மனக்குறை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘வேறுபாடு’ என்ற சொல்லில் அந்தக் குறை எங்கே? கத்திக்கும் கத்தரிக்கும் வேறுபாடு உண்டு. அதனால் யாருக்கும் அநியாயமில்லை. முன்னால் ‘இன’ என்று ஒட்டியதும் அந்த வேறுபாடு மருந்துச் சீட்டை விட்டுவிட்டு நோயாளியின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஆய்வுகள் எண்ணியது உடம்பை அல்ல. 1993இல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு, கை கால்களின் நீள எலும்பு முறிந்து வந்தவர்களைப் பற்றியது. அவர்களில் வலி மருந்தே கிடைக்காதவர்கள் ஹிஸ்பானியரில், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்களில், 55 விழுக்காடு, வெள்ளையரில் 26. 2000இல் வந்த அட்லாண்டா ஆய்வில் மருந்து பெற்றவர்கள் வெள்ளையரில் 74 விழுக்காடு, கறுப்பரில் 57. வலிக்கிறது என்று நோயாளி சொன்ன குறிப்பு இரு தரப்புக் கோப்புகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. மருந்தில்தான் குறை வைத்திருக்கிறார்கள்.

2016இல் வர்ஜீனியாவில், கறுப்பர்களின் தோல் தடிப்பானது என்பதுபோன்ற பொய்யான கூற்றுகளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்துக் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் ஒன்றையாவது உண்மையாக இருக்கலாம் என்றார்கள். அந்த மூடநம்பிக்கையைத்தான் ‘இன வேறுபாடு’ நம் வாசகர் தலையிலும் ஏற்றுகிறது.

மாற்றாக ‘அசமத்துவம்’ என்கிறார்கள் சிலர். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், வேண்டாம். ‘ஓரவஞ்சனை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதில் வஞ்சனை என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. விழுக்காடு விளைவைத்தான் காட்டும். மருத்துவர் மனத்துக்குள் இருந்தது ஓரமா, மொழி புரியாத தடுமாற்றமா என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. காரணம் தெரிந்தபின் எழுத அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொள்ளலாம். என் தேர்வு, நம்மிடம் பழகிக் கிடக்கும் ‘ஏற்றத்தாழ்வு’. விலை ஏறி இறங்குவதற்கும் அதைச் சொல்கிறார்களே என்பார்கள். அதற்கு ‘ஏற்ற இறக்கம்’ இருக்கிறது. ‘இன ஏற்றத்தாழ்வு’ என்று சுருக்கினாலோ இனங்களிலேயே உயர்வு தாழ்வு என்று படும். ஆகவே சற்று நீண்டாலும் ‘வலி மருந்து தருவதில் இனவாரியான ஏற்றத்தாழ்வு’ என்றே எழுதுங்கள். இரண்டு சொல் மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

‘இனம்’ படும் பாடு தனிக்கதை. அந்த ஆய்வுகளின் காலத்தில் அமெரிக்க அரசுக் கணக்கில் ஹிஸ்பானியர் என்பது ‘ரேஸ்’ அல்ல, ‘எத்னிசிட்டி’. முன்னதற்கு இனம், பின்னதற்கு இனக்குழு என்று பிரித்தால் தீர்ந்தது. ஒரு மொழிபெயர்ப்பில் ‘இனம் மற்றும் இனத்தின் அடிப்படையில்’ என்றே பார்த்தேன். எழுதியவர் ஒருமுறை திரும்பப் படித்திருக்கலாம்.